காலநிலை மாதிரிகளை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது

1988 ஜூன் 23 அன்று, நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சென் அமெரிக்க செனட் குழு ஒன்றின் முன் சாட்சியம் அளித்தார். புவி சூடாகிக்கொண்டிருக்கிறது என்றும், மனிதர் வெளியிடும் வாயுக்களே அதற்குக் காரணம் என்று பெருமளவு உறுதியுடன் கூற முடியும் என்றும் அவர் சொன்னார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு காலநிலை மாதிரியை, அதாவது புவியின் காலநிலையைக் கணக்கிடும் கணினி நிரலை, ஓட்டி அதே ஆண்டில் வெளியிட்ட கணிப்பில் மூன்று கோடுகள் இருந்தன. வாயு உமிழ்வு ஆண்டுக்கு ஆண்டு மேலும் மேலும் வேகமெடுத்தால் என்ன ஆகும் என்பது முதல் கோடு. உமிழ்வின் வளர்ச்சி மட்டுப்பட்டு, இடையில் ஒரு பெரிய எரிமலையும் வெடித்தால் என்ன ஆகும் என்பது இரண்டாவது. 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு வாயுக்களின் தாக்கம் கூடாமலே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது மூன்றாவது. இரண்டாவது கோடே பெரும்பாலும் நடக்கக்கூடியது என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதப்பட்டிருந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1998 இல், பேட்ரிக் மைக்கேல்ஸ் என்ற காலநிலை ஆய்வாளர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக் குழு முன் அதே கணிப்பைக் காட்டினார். அவர் காட்டிய படத்தில் முதல் கோடு மட்டுமே இருந்தது. மற்ற இரண்டும் நீக்கப்பட்டிருந்தன. அந்த ஒற்றைக் கோட்டையும் உண்மையில் பதிவான வெப்பநிலையையும் அருகருகே வைத்து, மாதிரி படுதோல்வி அடைந்துவிட்டது என்று அவர் வாதிட்டார். காலநிலை மாதிரிகளின் நம்பகத்தன்மை பற்றி இன்றுவரை பொதுவெளியில் நடக்கும் சண்டையின் பெரும்பகுதி இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பது என் எண்ணம். அதனால் இதில் சற்று நிதானமாக நிற்க விரும்புகிறேன்.

ஒரு காலநிலைக் கணிப்பு இரண்டு தனித்தனிக் கேள்விகளால் ஆனது. எதிர்காலத்தில் மனிதர்கள் எவ்வளவு வாயுவை வெளியிடுவார்கள் என்பது முதல் கேள்வி. இது பொருளாதாரம், அரசியல், தொழில்நுட்பம் ஆகியவற்றைச் சார்ந்தது. எந்த இயற்பியல் சமன்பாடும் இதற்கு விடை தராது. இவ்வளவு வாயு சேர்ந்தால் புவி எவ்வளவு சூடாகும் என்பது இரண்டாவது கேள்வி. மாதிரி விடை சொல்ல முயல்வது இந்த இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான். மூன்று கோடுகள் வரையப்பட்டதற்குக் காரணமே, முதல் கேள்விக்குத் தமக்கு விடை தெரியாது என்று அந்த விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டதுதான். நடக்காத ஓர் உமிழ்வுப் பாதையை எடுத்துக்கொண்டு, அதில் சொன்ன சூடு வரவில்லை என்று மாதிரியைக் குற்றம் சாட்டுவது நேர்மையான சோதனை ஆகாது.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு ஹான்சென் கணிப்பு அப்படியே பலித்தது என்று எழுதுகிறவர்களும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவருடைய இரண்டாவது கோடுகூட, அடுத்த முப்பது ஆண்டுகளில் உண்மையில் நடந்ததைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகமான சூடேற்றத்தைக் காட்டியது. இந்த மிகையின் பெரும்பகுதி உமிழ்வுப் பாதையிலிருந்து வந்தது. ஓசோன் படலத்தைக் காக்கச் செய்யப்பட்ட மான்ட்ரீல் உடன்படிக்கையால், புவியைச் சூடாக்கவும் செய்யும் குளோரோ ஃபுளோரோ கார்பன் வாயுக்கள் கட்டுக்குள் வந்தன. 1990களில் மீத்தேனின் பெருக்கமும் தணிந்தது. இவை இரண்டையும் அந்தக் கோடு முன்கூட்டிக் காணவில்லை. மீதி மாதிரியிலிருந்து வந்தது. கார்பன் டை ஆக்சைடு இருமடங்கானால் புவி இறுதியில் எத்தனை டிகிரி சூடாகும் என்ற அளவைக் காலநிலை உணர்திறன் என்கிறார்கள். அந்த மாதிரியின் உணர்திறன் 4.2 டிகிரி செல்சியஸ். இன்று சிறந்த மதிப்பீடாகக் கொள்ளப்படுவது 3 டிகிரி. அந்த மாதிரி உலகை வடக்குத் தெற்காக 8 பாகை அகலமுள்ள கட்டங்களாக வெட்டியிருந்தது, அதாவது ஒரு கட்டம் கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் நீளம். கடல் நீரோட்டங்கள் மாறுவதற்கு அதில் இடமே இல்லை. இவ்வளவு முரட்டுத்தனமான கருவி, முப்பது ஆண்டுச் சூடேற்றத்தின் திசையையும் ஏறத்தாழ அதன் அளவையும் முன்னரே சொல்லிவிட்டது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. அதை மறைக்கவும் வேண்டாம், மிகைப்படுத்தவும் வேண்டாம்.

இது தனித்த ஒரு சம்பவமா என்ற கேள்வி நியாயமானது. 1970 முதல் 2007 வரை வெளியான 17 கணிப்புகளை எடுத்து, வெளியான தேதிக்குப் பிறகு நடந்தவற்றோடு மட்டும் அவற்றை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2019 இன் இறுதியில் வந்தது. ஜீக் ஹவுஸ்ஃபாதர் தலைமையிலான அந்த ஆய்வில், 10 கணிப்புகள் அவதானிப்புகளோடு ஒத்துப்போயின. உமிழ்வுப் பாதையில் நேர்ந்த பிழையைக் கழித்துவிட்டு மாதிரியின் இயற்பியலை மட்டும் சோதித்தபோது 14 ஒத்துப்போயின. எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை செய்த கணிப்புகளை 2023 இல் மற்றொரு குழு இதே முறையில் ஆராய்ந்தது. அவற்றில் 63 முதல் 83 விழுக்காடு வரை துல்லியமாக இருந்தன. மாதிரிகளைப் பற்றிய ஐயத்தைப் பொதுவெளியில் பல ஆண்டுகள் வளர்த்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குள்ளேயே நல்ல மாதிரிகள் ஓடிக்கொண்டிருந்தன. இதைப் படித்த நாளிலிருந்து, மாதிரிகள் மீதான ஐயம் எல்லாமே அறிவியல் ஐயம்தான் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அதற்காக ஐயம் எழுப்புகிறவர்கள் எல்லாரும் கூலிக்கு எழுதுகிறவர்கள் என்று ஒதுக்குவதும் தவறு. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மாதிரி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றும் நீரும் நகரும் விதம், ஆற்றல் அழியாமை, கதிர்வீச்சு வாயுக்களால் உறிஞ்சப்படும் விதம் ஆகியவற்றின் சமன்பாடுகள் நன்கு தெரிந்தவை. வளிமண்டலத்தையும் கடலையும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இந்தச் சமன்பாடுகளைக் கணினி சிறுசிறு கால அடிகளில் தீர்த்துக்கொண்டே போகிறது. இன்று உலகளாவிய மாதிரிகளில் ஒரு கட்டம் பொதுவாக 100 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. சிக்கல் இங்கேதான். ஒரு மேகம் இந்தக் கட்டத்தைவிட மிகச் சிறியது. மேகத்துக்குள் துளிகள் உருவாவதும் வெப்பக் காற்று மேலெழுவதும் அதைவிடவும் சிறிய அளவில் நடப்பவை. ஆகவே இவற்றைச் சமன்பாடுகளால் நேரடியாகக் கணக்கிட இயலாமல், கட்டத்தின் சராசரி ஈரப்பதம், வெப்பநிலை ஆகியவற்றிலிருந்து மேகத்தின் அளவை ஊகிக்கும் தோராய விதிகளை எழுதுகிறார்கள். அந்த விதிகளில் சில எண்கள் உள்ளன. அவற்றின் சரியான மதிப்பு ஓர் எல்லைக்குள் மட்டுமே தெரியும். அந்த எல்லைக்குள் எண்களைக் கூட்டியும் குறைத்தும் மாதிரியை உண்மை உலகத்தோடு பொருத்துகிறார்கள்.

விமர்சகர்கள் கையிலெடுக்கும் மிக வலுவான வாதம் இந்தப் பொருத்தலைப் பற்றியதுதான். எண்களைத் திருகி எதையும் எதனோடும் பொருத்திவிடலாமே, பிறகு கடந்த நூற்றாண்டின் சூடேற்றத்தை மாதிரி சரியாகக் காட்டுகிறது என்பதில் என்ன பெருமை என்று அவர்கள் கேட்கிறார்கள். இது மடமையான கேள்வி அன்று. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகம் தன் மாதிரி ஒன்றை 20 ஆம் நூற்றாண்டின் வெப்பநிலைப் பதிவோடு பொருந்தும்படி மேகங்கள் தொடர்பான எண்களை மாற்றி அமைத்ததையும், அதன் மூலம் மாதிரியின் உணர்திறனை ஏறத்தாழ 3 டிகிரிக்குக் கொண்டுவந்ததையும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அப்படியானால் அந்த மாதிரி 20 ஆம் நூற்றாண்டைச் சரியாகக் காட்டுவது ஒரு சான்றாக எண்ணப்படலாகாது. விடைத்தாளைப் பார்த்து எழுதிய விடை அது. பெரும்பாலான குழுக்கள் அவ்வாறு செய்வதில்லை. உள்ளே வரும் சூரிய ஆற்றலும் வெளியேறும் ஆற்றலும் சமநிலையில் இருக்க வேண்டும் என்பதையே முதன்மையாகப் பொருத்துகிறார்கள். ஆனால் யார் எதை எவ்வளவு பொருத்தினார்கள் என்பது நெடுங்காலம் சரிவர எழுதிவைக்கப்படவில்லை. 2017 இல் மாதிரி உருவாக்குநர்கள் பலர் சேர்ந்து, இனிப் பொருத்தல் முறைகளை எல்லாரும் ஆவணப்படுத்த வேண்டும் என்று எழுதினார்கள். அது பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய வேலை. விமர்சனம் சரியான இடத்தில் விழுந்தால் அறிவியலுக்கு நன்மைதான் என்பதற்கு இதை ஒரு சான்றாகவே கொள்கிறேன்.

பொருத்தலால் விளக்க முடியாத சான்றுகள் எவை என்பதே அடுத்த கேள்வி. விளைவு தெரிவதற்கு முன்பே சொல்லப்பட்டவை மட்டுமே அந்தத் தகுதியைப் பெறும். 1967 இல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் மிக எளிய ஒரு மாதிரியை வைத்து, கார்பன் டை ஆக்சைடு கூடினால் வளிமண்டலத்தின் கீழடுக்கு சூடாகும், அதற்கு மேலுள்ள ஸ்ட்ரேட்டோஸ்பியர் அடுக்கோ குளிரும் என்று கணக்கிட்டார்கள். அப்போது இதைச் சரிபார்க்கத் துணைக்கோள் பதிவுகளே இல்லை. சூடேற்றத்துக்குச் சூரியன் காரணமாக இருந்தால் இரண்டு அடுக்குகளும் சூடாகியிருக்க வேண்டும்; உண்மையில் கீழே சூடாகி மேலே குளிர்ந்தது. மனாபேவுக்கு 2021 இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதற்கு அடிப்படையான பணிகளில் இதுவும் ஒன்று.

பிலிப்பீன்ஸ் நாட்டின் பினதுபோ எரிமலை இன்னொரு சான்று. 1991 ஜூனில் அது வெடித்துப் பெருமளவு கந்தக டை ஆக்சைடை ஸ்ட்ரேட்டோஸ்பியருக்குள் தள்ளியது. 1992 இன் தொடக்கத்தில் ஹான்சென் குழு, அந்த ஆண்டின் இறுதிக்குள் உலக வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி குறையும், பின்னர் மீளும் என்று அச்சில் எழுதியது. அப்படியே நடந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் பிரையன் சோடனும் மற்றவர்களும் அதே நிகழ்வைத் திரும்ப ஆராய்ந்து, குளிர்ந்த காற்றில் நீராவி குறைவதால் ஏற்படும் பின்விளைவை மாதிரியிலிருந்து நீக்கிவிட்டால் பதிவான அளவு குளிர்ச்சி கிடைக்கவில்லை என்று காட்டினார்கள். சூடேற்றத்தைப் பெருக்கும் அதே நீராவி விளைவைத்தான் இயற்கை இங்கே எதிர்த்திசையில் சோதித்துக் காட்டியது. மாதிரிகள் மீது எனக்குள்ள நம்பிக்கையின் பெரும்பகுதி இத்தகைய சோதனைகளிலிருந்து வந்தது. கடந்தகால வரைபடத்தோடு கோடு ஒட்டிப்போவதைப் பார்த்து வந்ததன்று.

சில வேளைகளில் மாதிரிக்கும் அளவீட்டுக்கும் முரண் வந்தபோது அளவீடே தவறியிருக்கிறது. ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி ஆகிய இரு காலநிலை ஆய்வாளர்களும் 1990 முதல் வெளியிட்ட துணைக்கோள் பதிவுகள், வளிமண்டலத்தின் கீழடுக்கு அநேகமாகச் சூடாகவே இல்லை என்று பல ஆண்டுகள் காட்டின. மாதிரிகள் பொய் என்பதற்கு அதுவே முதன்மைச் சான்றாக முன்வைக்கப்பட்டது. துணைக்கோள்கள் மெல்ல உயரம் இழந்துகொண்டிருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 1998 இல் பிறர் கண்டுபிடித்தார்கள். துணைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் நாளடைவில் நகர்ந்துவிடுவதற்கான திருத்தம் தவறான திசையில் செய்யப்பட்டிருந்தது என்பது 2005 இல் வெளிவந்தது. திருத்திய பின் அந்தப் பதிவும் சூடேற்றத்தைக் காட்டியது. ஆயினும் வெப்பமண்டலத்தின் மேல்வானில் மாதிரிகள் சராசரியாகக் காட்டும் சூடு, அளக்கப்பட்ட சூட்டைவிட இன்றும் அதிகமாகவே உள்ளது. கிறிஸ்டி இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறார். இதில் அவர் பக்கம் பொருள் இருக்கிறது.

இனி, இந்த விவாதம் முழுவதிலும் மிகவும் கசப்பாக நடந்த பகுதிக்கு வருகிறேன். 1998 முதல் 2012 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் தரைமட்ட வெப்பநிலை மிக மெதுவாகவே ஏறியது. காலநிலை அறிவியலைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசி 2013 இல் வெளியிட்ட அறிக்கையே அந்த வேகத்தைப் பத்தாண்டுக்கு 0.05 டிகிரி என்று கணக்கிட்டது. 1951 முதலான நீண்டகால வேகமோ 0.12 டிகிரி. மாதிரி ஓட்டங்கள் 114 இல் 111, நடந்ததைவிட வேகமான ஏற்றத்தைக் காட்டியிருந்தன என்பதையும் அந்த அறிக்கையே எழுதியது. புவி வெப்பமடைதல் நின்றுவிட்டது, மாதிரிகள் செத்துவிட்டன என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். மறுசாராரில் சிலர், எதுவுமே நடக்கவில்லை, இது வெறும் புள்ளியியல் மயக்கம் என்று சொல்லி அப்பால் நகர்ந்தார்கள்.

எனக்கு இரண்டும் ஏற்புடையனவாக இல்லை. ஏதோ நடந்துதான் இருந்தது; அது என்ன என்று தேடியவர்களே உண்மையில் பயன்பட்டார்கள். 1998 மிக வலுவான எல் நினோ ஆண்டு, அதாவது வெப்பமண்டலப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலக வெப்பநிலையை உயர்த்திய ஆண்டு. அதைத் தொடக்கமாகக் கொண்டால் எந்தக் கோடும் தட்டையாகத்தான் தோன்றும். சூரியனின் ஆற்றல் சற்றே தாழ்ந்திருந்தது. சிறு எரிமலைகள் பல வெடித்தன. மிக வேகமாகச் சூடாகும் ஆர்க்டிக் பகுதியில் அளவீட்டு நிலையங்கள் குறைவு என்பதால் உலகச் சராசரி கொஞ்சம் குறைத்துக் காட்டப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பசிபிக் பெருங்கடல் இருந்தது. யு கோசாகா, ஷாங் பிங் ஷீ இருவரும் 2013 இல் ஒரு மாதிரியில் கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கின் வெப்பநிலையை மட்டும் உண்மையில் அளந்த மதிப்புகளுக்குக் கட்டிவைத்து ஓட்டினார்கள். அந்தப் பதினைந்து ஆண்டு மந்தத்தை மாதிரி தானாகவே காட்டியது. கூடுதல் வெப்பம் எங்கும் மறைந்துவிடவில்லை, கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. எல் நினோ எந்த ஆண்டில் வரும் என்பதைத் தடையின்றி ஓடும் ஒரு காலநிலை மாதிரி சொல்லாது. அது சொல்ல முயல்வதும் இல்லை. 2015, 2016 ஆண்டுகளின் வெப்பம் பதிவானபோது, அளவீடுகள் மீண்டும் மாதிரிகள் காட்டிய எல்லைக்குள் வந்து சேர்ந்தன.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு வரையறை. பதினைந்து ஆண்டுப் போக்கை முன்கூட்டிச் சொல்ல இந்த மாதிரிகள் ஏற்ற கருவிகள் அல்ல. முப்பது, நாற்பது ஆண்டுப் போக்குக்கு ஏற்றவை. இதை முன்பே உரக்கச் சொல்லியிருந்தால் அந்தச் சண்டையின் சூடு பாதியாகக் குறைந்திருக்கும். ஆண்டுதோறும் வரும் ஒவ்வொரு வெப்பச் சாதனையையும் மாதிரிகளின் வெற்றியாக அறிவித்த பழக்கம், மந்தமான ஆண்டுகள் வந்தபோது அதே தர்க்கத்தை எதிர்த்தரப்பின் கையில் கொடுத்துவிட்டது.

நேர் எதிரான சிக்கல் அதற்கடுத்த தலைமுறை மாதிரிகளில் வந்தது. உலகின் பல ஆய்வகங்களின் மாதிரிகளைச் சேர்த்த முந்தைய தொகுப்பில் உணர்திறன் ஏறத்தாழ 2.1 முதல் 4.7 டிகிரி வரை இருந்தது. 2019 அளவில் வெளிவரத் தொடங்கிய புதிய தொகுப்பில் அது 1.8 முதல் 5.6 வரை விரிந்தது. பல பெரிய ஆய்வகங்களின் மாதிரிகள் 5 டிகிரியைத் தாண்டின. காரணம் பெரும்பாலும் மேகங்கள்: குறிப்பாக அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடல் போன்ற நடு அட்சரேகைப் பகுதிகளில் தாழ்வான மேகங்கள் சூடேற்றத்துக்கு எவ்வாறு எதிர்வினை காட்டும் என்பது மாற்றி எழுதப்பட்டிருந்தது. மேகத்தில் பனித்துகள் எவ்வளவு, உறையாத நீர்த்துளி எவ்வளவு என்ற கணக்கைச் சீர்திருத்தியது உண்மையில் ஒரு முன்னேற்றம். ஆனால் ஒரு பகுதியைச் சரிசெய்தபோது, அதுவரை அதனோடு ஈடுகட்டிக்கொண்டிருந்த வேறொரு பிழை வெளியே தெரிந்தது. இவற்றில் ஒரு மாதிரியைக் கடைசிப் பனியுகத்தின் உச்சத்துக்கு, அதாவது ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்த உலகுக்குப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். அன்றைய உலகம் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 5 முதல் 7 டிகிரி வரை குளிர்ந்திருந்தது என்று பல சான்றுகள் காட்டுகின்றன. அந்த மாதிரியோ 11 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிட்டது.

ஐபிசிசி 2021 இல் செய்ததை இந்த விவாதத்தில் எவரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். அது மாதிரிகளின் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பண்டைய காலநிலைச் சான்றுகள், கடந்த நூற்றைம்பது ஆண்டு அளவீடுகள், மேக இயற்பியல் ஆகியவற்றைச் சேர்த்து, உணர்திறன் 2.5 முதல் 4 டிகிரிக்குள் இருக்கலாம், சிறந்த மதிப்பீடு 3 டிகிரி என்று முடிவு செய்தது. எதிர்கால வெப்பநிலைக் கணிப்புகளையும் அதற்கேற்ப மாற்றி அமைத்தது. மாதிரிகளைக் கட்டிய துறையே தன் மாதிரிகளில் பலவற்றை மிகச் சூடானவை என்று ஒதுக்கிவைத்தது என்பதுதான் இதன் பொருள். பின்னர் 2022 இல் ஹவுஸ்ஃபாதர், கேவின் ஷ்மிட் உள்ளிட்ட ஐவர், பயிர் விளைச்சல், வெள்ளம், உடல்நலம் போன்றவற்றை ஆராய்வோர் இன்னும் எல்லா மாதிரிகளையும் சமமாகக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள், அதனால் விளைவுகள் மிகைப்படுகின்றன என்று வெளிப்படையாக எச்சரித்தார்கள். மாதிரி விஞ்ஞானிகள் தம் தவறுகளைத் தாமே பேசமாட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

வெளியிலிருந்து வந்த விமர்சகர்களும் உண்மையான பங்களிப்பைச் செய்திருக்கிறார்கள். 2018 இறுதியில் கடல் உறிஞ்சிய வெப்பம் பற்றிப் பெரிய அளவில் செய்தியான ஓர் ஆய்வில் பிழை மதிப்பீடு தவறாகக் கணக்கிடப்பட்டிருப்பதை நிக் லூயிஸ் என்ற தனி ஆய்வாளர் சில நாட்களிலேயே கண்டுபிடித்தார். ஆசிரியர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். 2019 இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே லூயிஸ், காலநிலை ஆய்வாளர் ஜூடித் கரி இருவரும் வெப்பநிலைப் பதிவுகளையும் ஆற்றல் கணக்கையும் மட்டும் வைத்து உணர்திறனை 1.5 முதல் 1.7 டிகிரி வரை எனத் தாழ்வாக மதிப்பிட்டார்கள். இந்த இரண்டாவது முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அதை ஏற்காததற்கான காரணம் மாதிரிகளின் ஒரு பெரிய தோல்வியோடு பின்னிப் பிணைந்திருக்கிறது.

கடந்த நாற்பது ஆண்டுகளில் கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக் எதிர்பார்த்தபடி சூடாகவில்லை. சில பகுதிகளில் குளிர்ந்தே இருக்கிறது. தென்பெருங்கடலின் சில பகுதிகளும் அப்படியே. மாதிரிகள் பெரும்பாலும் இதற்கு மாறாக, கிழக்குப் பசிபிக் கூடுதலாகச் சூடாகும் என்றே காட்டின. இது சிறிய விலகல் அன்று. பசிபிக்கின் வெப்ப அமைப்பு உலகின் பல பகுதிகளில் மழையையும் வறட்சியையும் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரு வட்டாரத்தின் மழை பற்றி மாதிரி சொல்வதை நான் மிகுந்த எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். அதேசமயம், கிழக்குப் பசிபிக் குளிர்ந்திருக்கும்போது அங்கே தாழ்வான மேகங்கள் பெருகிச் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் உலகச் சூடேற்றம் தற்காலிகமாகத் தணிந்து காணப்படுகிறது. இந்த நாற்பது ஆண்டுகளை மட்டும் வைத்து உணர்திறனைக் கணக்கிட்டால் விடை தாழ்வாகவே வரும். பசிபிக் தன் அமைப்பை மாற்றிக்கொண்டால் அந்தத் தள்ளுபடி நீங்கிவிடும். மாதிரி தவறினால் நாம் தப்பித்தோம் என்று பொருள் ஆகாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

பிழைகள் எல்லாம் மிகைப்படுத்தும் பக்கமே சாய்ந்திருக்கும் என்ற ஊகம் விமர்சகர்களின் எழுத்தில் சொல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆர்க்டிக் கடற்பனி, 2007 வாக்கில் ஒப்பிட்டபோது, மாதிரிகள் காட்டியதைவிட வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. துணைக்கோள்கள் அளக்கும் புவியின் ஆற்றல் உபரி, அதாவது உள்ளே வந்து வெளியேறாமல் தங்கும் வெப்பம், 2005 க்கும் 2019 க்கும் இடையில் ஏறத்தாழ இருமடங்கானது. 2023 இன் வெப்பம் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 0.2 டிகிரி கூடுதலாக எகிறியது. நாசாவின் காலநிலை ஆய்வகத்தை வழிநடத்திய ஷ்மிட் 2024 மார்ச்சில், தம்மிடமுள்ள விளக்கங்கள் இதற்குப் போதவில்லை என்று எழுதினார். எல் நினோ ஒரு பகுதி. கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 2020 இல் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால், ஒளியைத் திருப்பியனுப்பிய தூசிப்படலம் மெலிந்தது மற்றொரு பகுதி. தாழ்மேகங்கள் குறைந்திருப்பதையும் ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். அது இயற்கையான ஏற்ற இறக்கமா, தூசி குறைந்ததன் விளைவா, சூடேற்றமே மேகங்களைக் குறைக்கும் பின்விளைவா என்பதுதான் இன்றைய உண்மையான கருத்து வேறுபாடு. மூன்றாவது காரணம் வலுவாக இருந்தால், மிகச் சூடானவை என்று ஒதுக்கப்பட்ட மாதிரிகள் சிலவற்றைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

பொதுவெளியில் நடக்கும் சண்டைக்கு இந்தக் கேள்விகளோடு தொடர்பு மிகக் குறைவு. 2025 ஜூலையில் அமெரிக்க எரிசக்தித் துறை, கிறிஸ்டி, கரி, ஸ்பென்சர் உள்ளிட்ட ஐவர் எழுதிய அறிக்கையை வெளியிட்டது. மாதிரிகள் மிகைப்படுத்துகின்றன என்பது அதன் முக்கிய வாதங்களில் ஒன்று. சில வாரங்களில் 85 க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் 400 பக்கங்களுக்கு மேல் மறுப்பு எழுதினார்கள். மிகச் சூடான மாதிரிகளைப் பற்றி அந்த ஐவர் சொன்னவற்றில் உண்மை இருக்கிறது; ஆனால் அந்த உண்மையை ஐபிசிசி ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது என்பதுதான் வாசகருக்குத் தெரிய வேண்டிய முக்கியச் செய்தி. மாதிரிகளை முழுவதுமாகத் தூக்கி எறிந்தாலும்கூடப் பனியுகச் சான்றுகளும் கடல் வெப்பப் பதிவுகளும் ஏறத்தாழ அதே 3 டிகிரியைச் சுற்றியே நிற்கின்றன. 1979 இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு, அன்றிருந்த ஒரு சில மாதிரிகளை வைத்து 1.5 முதல் 4.5 வரை என்று சொன்ன எல்லையின் நடுப்புள்ளியும் அதுவே.

இவ்வளவும் சொன்ன பிறகு, என்னை இன்று அதிகம் கவலைக்குள்ளாக்குவது மாதிரிகள் மீதான அவநம்பிக்கை அன்று. அளவுக்கு மீறிய நம்பிக்கை. கட்டம் 100 கிலோமீட்டர் அகலமுள்ள மாதிரிகளின் வெளியீட்டைப் புள்ளியியல் முறைகளால் நுணுக்கி, ஒரு தனிக் கட்டடத்துக்கு 2050 இல் வெள்ள அபாயம் எவ்வளவு, அனல் அபாயம் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு விற்கும் தொழில் வேகமாக வளர்ந்து வருகிறது. நுணுக்கும் முறை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், மூல மாதிரி பசிபிக்கின் போக்கைத் தவறாகக் காட்டினால் அந்தத் தவறு தசமப் புள்ளிகளோடு கீழே இறங்கி வந்து சேரும். உலகச் சராசரி வெப்பநிலை பற்றிய கேள்வியில் மாதிரிகள் ஐம்பது ஆண்டு உழைத்து ஈட்டிய நற்பெயரை, அவை இன்னும் தேர்ச்சி பெறாத கேள்விகளுக்குக் கடனாகக் கொடுப்பது இது. கணக்கிடும் முறை வணிக இரகசியம் என்று மூடி வைக்கப்படுவதால், அறிவியல் மாதிரிகளுக்கு நடக்கும் பகிரங்கச் சோதனை இந்த எண்களுக்கு நடப்பதே இல்லை.

அப்படி ஓர் எண் கையில் கொடுக்கப்பட்டால், அது எத்தனை மாதிரிகளிலிருந்து வந்தது, அவற்றில் மிகச் சூடானவை நீக்கப்பட்டனவா, எந்த உமிழ்வுப் பாதை எடுத்துக்கொள்ளப்பட்டது, அதே இடத்தில் கடந்த முப்பது ஆண்டுகளில் பெய்த மழையை அந்த முறை எவ்வளவு சரியாகக் காட்டியது என்று கேட்க வேண்டும். விடைகள் வராதவரை, அந்த எண்ணைக் கொண்டு காப்பீட்டுக் கட்டணத்தையோ, வீட்டுக் கடனின் வட்டியையோ, ஒரு குடியிருப்பைக் காலி செய்வதையோ தீர்மானிக்க எவருக்கும் உரிமை கிடையாது.